டான்டோவைப் பாடவைத்தவர்கள்

கனடாவின் கால்கரி நகரில், ஸ்டுடியோ பெல் என்ற கட்டடத்தில் இயங்கும் தேசிய இசை மையத்தில் டான்டோ என்றொரு சிந்தசைசர் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளைந்து நிற்கும் மரப்பெட்டிகளுக்கு நடுவே வாசிப்பவர் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் குமிழ்களும் ஜாக்குகளும்தான். மால்கம் செசில், ராபர்ட் மார்கூலெஃப் என்ற இருவர் நியூயார்க்கில் மூக் நிறுவனத்தின் மாடுலர் சிந்தசைசர் ஒன்றில் தொடங்கி, ஆர்ப், ஓபர்ஹைம், செர்ஜ் என்று வேறு வேறு நிறுவனங்களின் பாகங்களை அதனோடு சேர்த்துக்கொண்டே போய் உருவாக்கிய கருவி இது. இதை வைத்து அவர்கள் 1971இல் வெளியிட்ட 'ஜீரோ டைம்' இசைத்தட்டைக் கேட்டுத்தான் ஸ்டீவி வொண்டர் அவர்களைத் தேடி வந்தார். 'டாக்கிங் புக்', 'இன்னர்விஷன்ஸ்' முதலிய தட்டுகளில் ஒலிக்கும் மின்னணு ஓசைகள் அந்தச் சந்திப்பின் விளைவு. இசை மையம் 2013இல் டான்டோவை வாங்கியது. நெடிய பழுதுபார்ப்புக்குப் பின் 2018இல் அது மறுபடி வாசிக்கும் நிலைக்கு வந்தது. இதையும், இது போன்ற கருவிகள் திறந்து கிடக்கும் பட்டறை மேசைகளையும் பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. மாடுலர் சிந்தசைசரை வாசிக்கும் நிலையில் வைத்திருந்தால்தான் அதைப் பாதுகாத்ததாகப் பொருள். அதற்காகப் பழைய பாகங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவது தவறில்லை. பல சமயம் அதுவே கடமை.

இந்த வகைக் கருவியின் இயல்பே இப்படி நினைக்க வைக்கிறது. இன்றைய கீபோர்டில் ஒரு பொத்தானைத் தொட்டால் புல்லாங்குழல் கேட்கிறது, இன்னொன்றைத் தொட்டால் வயலின். யாரோ முன்பே செய்து உள்ளே வைத்த ஓசைகள் அவை. மாடுலரில் அப்படி எதுவும் கிடையாது. அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் தனி, அதன் கூர்மையை வடிக்கும் ஃபில்டர் தனி, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் தனி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபயர் தனி. ராபர்ட் மூக் 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து இவற்றை மின்னழுத்தத்தால் ஒன்றையொன்று ஆட்டுவிக்கும்படி செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா தன் போக்கில் அதே தீர்வுக்கு வந்து, பியானோக் கட்டைகளை விட்டுவிட்டுத் தொட்டால் இயங்கும் தகடுகளை வைத்தார். இரண்டிலும் எந்தப் பாகம் எதனோடு பேச வேண்டும் என்பதை வாசிப்பவரே கம்பி செருகித் தீர்மானிக்கிறார். கம்பிகளைப் பிடுங்கினால் அந்த ஓசை போய்விட்டது. மறுநாள் அதே துளைகளில் அதே கம்பிகளைச் செருகி, குமிழ்களை அதே இடத்தில் நிறுத்தினாலும் நேற்றைய ஓசைக்குப் பக்கத்தில் வரலாம், அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்ற அந்தப் பெட்டிக்குள் இசை எதுவும் சேமித்து வைக்கப்படவில்லை. மின்சாரம் ஓடும்போது, ஒரு கை குமிழைத் திருப்பும்போது மட்டுமே அது பிறக்கிறது.

இனி, பட்டறை மேசைக்கு வருவோம். இங்கே வேலை சுவிட்சைப் போடுவதில் தொடங்குவதில்லை. சுவிட்சைப் போடாமல் இருப்பதில் தொடங்குகிறது. பல ஆண்டு சும்மா கிடந்த கருவிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால், காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று தானும் கெட்டு, பவர் சப்ளையைத் தாறுமாறாக்கி, அதன் வழியே நல்ல பாகங்களையும் எரித்துவிடலாம். அதனால் பவர் சப்ளையை மற்றவற்றிலிருந்து முதலில் கழற்றுகிறார்கள். போலிச் சுமை ஒன்றை மாட்டி, வேரியாக் கொண்டு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மூக் என்றால் பிளஸ் 12 வோல்ட்டும் மைனஸ் 6 வோல்ட்டும் ஆடாமல் நிற்கின்றனவா என்று மீட்டரில் பார்க்கிறார்கள். அது சரியான பிறகுதான் ஒவ்வொரு பாகமாக உள்ளே வரும். குமிழ்களுக்கு அடியிலுள்ள தடங்களில் தூசும் துருவும். ஜாக்குகளின் பித்தளை நாக்கு தளர்ந்திருக்கும். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் தம்மேல் எழுதியிருக்கும் அளவைத் தாண்டி ஏறியிருக்கும். லண்டனில் ஈஎம்எஸ் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த விசிஎஸ்3 கருவியில் கம்பிகளே கிடையாது. ஒரு கட்டப் பலகையில் ஊசிகளைச் செருகி இணைக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குள்ளும் ஒரு ரெசிஸ்டர் இருப்பதால், தொலைந்த ஊசிக்குப் பதில் கையில் கிடைத்த உலோகத் துண்டைச் செருகினால் ஓசையின் அளவே மாறிவிடும். ஆர்ப் 2600 வேறொரு விதத்தில் சோதிக்கும். அந்த நிறுவனம் தன் சுற்றுகளைப் போட்டியாளர் பார்த்துவிடக் கூடாதென்று ஃபில்டர் முதலான சில பாகங்களை எபாக்ஸிப் பிசினில் முழுதாகப் புதைத்தது. நிறுவனம் 1981இல் மூடப்பட்டுவிட்டது. ரகசியம் காக்க ஊற்றிய பிசின் இன்று பழுதுபார்ப்பவரின் கையைத்தான் கட்டுகிறது. உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் செத்தாலும் கட்டியை அப்படியே எடுத்துவிட்டு, அதே சுற்றைப் புதிதாகக் கட்டிப் பொருத்துவதுதான் பெரும்பாலும் வழி.

சுருதி சேர்ப்பதுதான் இதில் மிக நுட்பமான பகுதி. மூக் வகுத்த முறையில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அப்படியானால் ஓர் அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட்தான். சில மில்லிவோல்ட் நழுவினாலே தேர்ந்த காது கண்டுகொள்ளும். இந்த வோல்ட்டைச் சுரமாக மாற்றும் வேலையைச் செய்வது டிரான்சிஸ்டரின் ஓர் இயற்கைக் குணம். அந்தக் குணம் வெப்பத்தோடு மாறக்கூடியது. அறை சூடேறினால் சுருதி நகரும். 1968இல் வெண்டி கார்லோஸ் 'ஸ்விட்ச்ட்-ஆன் பாக்' பதிவுசெய்தபோது ஒரு நேரத்தில் ஒரே சுரத்தைத்தான் வாசிக்க முடிந்தது. சில விநாடி இசைக்கு ஒருமுறை நிறுத்திச் சுருதி பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் பழுதுபார்ப்பவர் கருவியை நெடுநேரம் ஓடவிட்டுச் சூடு நிலைத்த பிறகே ட்ரிம்மர் திருகைத் தொடுகிறார். கீழ் ஸ்தாயியைச் சரிசெய்தால் மேல் ஸ்தாயி விலகும், அதைப் பிடித்தால் இது நழுவும். மூக்கின் புகழ்பெற்ற ஃபில்டரோ டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஏணிப் படிகளாக அடுக்கிய சுற்று. படியில் உள்ள இரண்டும் குணத்தில் ஒத்திருக்க வேண்டும். ஒன்று செத்தால் கடையில் கிடைக்கும் முதல் டிரான்சிஸ்டரைப் பத்தவைத்துவிட்டுப் போக முடியாது. ஒரு கைப்பிடி வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து ஜோடி தேட வேண்டும். மின்னணுவியல் படித்தவர் எல்லோராலும் இது முடியாது. ஆஸிலோஸ்கோப்பின் திரையில் தெரியும் அலையையும் ஸ்பீக்கரில் வரும் ஓசையையும் ஒருசேரப் படிக்கும் பழக்கம் வேண்டும். மேசையில் நான் கவனித்தது, அளவுகள் சரியாக வந்த பிறகும் அவர்கள் வேலையை முடிப்பதில்லை என்பது. ஒரு கம்பியைச் செருகி, கண்ணை மூடிக் கேட்ட பிறகே மூடியைப் போடுகிறார்கள்.

இந்த உழைப்பை எடுத்துச் சொல்லும்போது எழும் முதல் ஆட்சேபம் அருங்காட்சியகத் துறையினருடையது. பாகத்தை மாற்ற மாற்ற அசல் அழிகிறது. நாளைய ஆய்வாளருக்குச் சாட்சியம் இல்லாமல் போகிறது என்பது அவர்கள் கவலை. இதில் உண்மை இருக்கிறது. டாஃப்னி ஓரம், ஃபிலிமில் வரைந்த கோடுகளை ஓசையாக்கும் ஒராமிக்ஸ் இயந்திரத்தை உருவாக்கினார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2011இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது இயக்க முயலவில்லை. உலகில் அது ஒன்றே ஒன்று. தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். 1964இல் மூக் செய்த முதல் மாதிரி அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உள்ளே கைவைக்கவும் எவரும் துணியக் கூடாது. ஆனால் இந்த நியாயத்தை டான்டோவுக்கு நீட்டினால், அதன் அசல் நிலை எது? 1971இல் இருந்ததா, ஸ்டீவி வொண்டரோடு வேலை செய்த காலத்து வடிவமா, செசில் பின்னாளில் புதிதாகச் சேர்த்தவற்றோடு கூடியதா? பாகத்தைக் கழற்றி மாற்றுவதற்கென்றே பிறந்த கருவி அது. நம் வீணையை நினைத்துக்கொள்ளலாம்: மெழுகு இளகி மெட்டுகள் தடம் மாறினால் மேளம் கட்டுபவரிடம் போகிறது, பழைய மெழுகை வழித்தெடுத்துப் புதிதாகப் பதித்து வாங்குகிறோம், அது பாட்டியின் வீணை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கெபாசிட்டருக்கும் ஆயுள் உண்டு என்பதை அதைச் செய்தவர்களே அறிவார்கள். சாட்சியம் அழியக் கூடாது என்ற கவலைக்குப் பழுதுபார்ப்பவர்களின் நல்ல வழக்கமே பதில் வைத்திருக்கிறது. எடுத்த பாகத்தைச் சிறு பையிலிட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிக் கருவியோடே வைக்கிறார்கள்; தொடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்கிறார்கள். இதைச் செய்யாத பட்டறைகளும் உண்டு. அவற்றை நான் ஆதரிக்கவில்லை.

நகல் இருக்கும்போது அசல் எதற்கு என்பது அடுத்த கேள்வி. மூக்கின் ஓசையை இன்று கைபேசியிலேயே செயலியாக வாங்கலாம், பழுதாவதில்லை, சுருதி நகர்வதில்லை. இசையமைக்க அது போதும் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நகல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மூக் நிறுவனம் 2015இல் தன் 1970களின் சிஸ்டம் 55 மாடுலரை மறுபடி செய்வதாக அறிவித்தது. 55 எண்ணிக்கை மட்டும், ஒன்றின் விலை 35,000 டாலர். பழைய சுற்று வரைபடங்களின்படி கையாலேயே பாகங்களைப் பொருத்திப் பத்தவைத்துத்தான் அதைச் செய்தார்கள். செயலி எழுதுபவரும் இயங்கும் ஓர் அசலை அளந்துதான் எழுத முடியும். காய்ந்த கெபாசிட்டரோடு கிடக்கும் கருவியை அளந்தால் பழுதைத்தான் நகலெடுப்பார். இயங்கும் அசல்கள் இல்லாமல் போனால், நகல் சரியா என்று ஒத்துப்பார்க்கவும் எதுவும் மிஞ்சாது.

பணக்காரர்களின் பழம்பொருள் மோகம் இது என்ற குற்றச்சாட்டுக்கு 35,000 டாலர் என்ற தொகையே சான்றாகக் காட்டப்படலாம். தனியார் வீடுகளில் வாசிக்கப்படாமல் பூட்டிக் கிடக்கும் கருவிகளைப் பற்றி அது சரிதான். அவற்றைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் இந்தத் தொழிலின் நல்ல முகம் பொது இடங்களில் இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் இஎம்எஸ் மின்னணு இசை நிலையம் தன் புக்லாவையும் செர்ஜையும் இசையமைப்பாளர்களுக்குத் திறந்துவிடுகிறது. மெல்பர்னில் 2016இல் தொடங்கிய மின்னணு ஒலிக்கூடத்தில் உறுப்பினராகச் சேர்ந்தவர் எவரும் அரிய கருவிகளைத் தாமே இயக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூரில் பழைய மதுவடிப்பாலை வளாகம் ஒன்றில் ஆயிரக்கணக்கான மின்னணு இசைக்கருவிகள் சேர்ந்திருக்கின்றன. பார்வையாளர் வாசிக்கவென்றே அங்கு ஓர் அறை உண்டு. இப்படிப் பலர் கைபட்டால் கருவி சீக்கிரம் தேயும் என்பது உண்மை. தேய்ந்த ஜாக்கை மாற்றலாம். பல ஆண்டு அசையாமல் துருப்பிடித்த ஜாக்கும் எப்படியும் மாற்ற வேண்டியதே.

கருவி வாசிக்கப்படாமல் போனால் என்ன இழக்கிறோம் என்பதற்கு இந்தியாவிலும் ஒரு சான்று உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரோடு மின்னணு இசைக்கூடத்தை அமைத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. ஆவணக் காப்பகத்தில் கிடந்த ஒலிநாடாக்களைப் பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் கண்டெடுத்துச் சீராக்கியதால், 1969 முதல் 1972 வரையிலான அந்த இசை 2023இல் ஒரு தொகுப்பாக வெளியாயிற்று. கேட்கும்போது மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன. ஓசை மிஞ்சியது, அந்த ஓசையை எந்தக் கம்பியை எங்கே செருகி எடுத்தார்கள் என்ற கைப்பழக்கம் வழிவழியாக மாணவர்களுக்கு வந்து சேரவில்லை. கருவி விடாமல் பழுதுபார்க்கப்பட்டு, ஆண்டுதோறும் புதிய மாணவர் அதன் முன் உட்கார்ந்திருந்தால் இந்திய மின்னணு இசைக்கு ஐம்பதாண்டுத் தொடர்ச்சி இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இசைத்தட்டுகளின் அட்டையில் வாசித்தவர் பெயர் இருக்கும், சில சமயம் கருவியின் பெயரும் இருக்கும். மூக்கின் நிறுவனம் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இயங்கியபோது சுற்றுப்பலகைகளில் பாகங்களைப் பொருத்தியவர்களில் பலர் அந்த வட்டாரத்துப் பெண்கள். அவர்கள் பெயர்களை எங்கும் காண முடியாது. மூடியைத் திறக்கும் பழுதுபார்ப்பவருக்கு மட்டும் அவர்கள் பத்தவைத்த புள்ளிகள் கண்ணில் படுகின்றன. டான்டோவின் பழுதுபார்ப்பை முன்னின்று நடத்தியவர் தேசிய இசை மையத்தின் மின்னணுத் தொழில்நுட்பர் ஜான் லைம்சைடர். கருவி மீண்டு வந்த அதே 2018இல், செப்டம்பர் மாதம் அவர் காலமானார். அவர் அறிந்திருந்தவற்றில் ஒரு பகுதி குறிப்புகளாக மிஞ்சலாம். விரலிலும் காதிலும் இருந்தது அவரோடு போனது. கருவி வாங்கும் நிறுவனங்கள் வாங்கும் தொகைக்கு இணையாகத் தொழில்நுட்பரின் சம்பளத்தையும், அவருக்குக் கீழே கற்றுக்கொள்ளும் ஓர் இளைஞரின் சம்பளத்தையும் முதல் நாளே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஃபில்டர் ஏணிக்கு ஜோடி தேடுவதை வரைபடத்திலிருந்து கற்கலாம். எந்த ஜோடி கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதை ஒதுக்குகிறார், எதை ஏற்கிறார் என்று பல மாதம் பார்த்தால்தான் பிடிபடும். அப்படிப் பக்கத்தில் உட்காரும் ஒருவருக்கான நாற்காலி இன்று பெரும்பாலான பட்டறைகளில் காலியாக இருக்கிறது.