காதுக்கேற்ற ஓசை

வரதராஜன்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதும், அதற்காக நான் அம்மாவிடம் சினந்து கொள்வதும் ஒரு காலத்தில் அன்றாட நிகழ்ச்சிகள். முந்திரித் தோப்புகள் சூழ்ந்த அந்தச் செம்மண் பூமியில் கிணற்று நீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு அம்மா மறந்து விடுகிறார் என்பதே என் குற்றச்சாட்டு.

பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி, ஒன்பது வோல்ட் மின்கலம், ஒரு சோப்பு டப்பா ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஒலிச்சுற்று அமைத்தேன். அதன் இதயம், 1971இல் ஹான்ஸ் காமென்சிந்த் வடிவமைத்த 555 என்னும் சில்லு. மின்தேக்கி ஒன்று மின்தடைகளின் வழியே நிரம்பும்; மின்னழுத்தம் மூன்றில் இரு பங்கை எட்டியதும் சில்லு அதனை வடியவிடும்; மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மீண்டும் நிரம்பவிடும். இடையறாத இந்த ஏற்ற இறக்கமே ஓசையாகிறது. தொட்டியின் விளிம்பருகே தொங்கும் இரு செம்புக் கம்பிகளை நீர் தொட்டால், ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் சுற்றுக்கு மின்சாரம் கிடைக்கும், பெட்டி கீச்சிடும்.

மறுநாளும் தொட்டி வழிந்தது. பெட்டி அலறிக்கொண்டிருக்க, இரண்டடி தள்ளி அமர்ந்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"காதில் விழவில்லையா?" என்று கத்தினேன்.

"என்ன தம்பி விழணும்?" என்றார். அந்நேரம் தொலைவில் தேவாலய மணி ஒலித்தது. "பன்னிரண்டு மணியாயிடுச்சே, சோறு வடிக்கணும்" என்று எழுந்தார்.

தொலைவிலுள்ள மணி கேட்கிறது; அருகிலுள்ள பெட்டி கேட்கவில்லை! அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுமையில் செவி முதலில் இழப்பது உச்ச ஒலிகளையே. 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகளோடு நான் சேர்த்திருந்த 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, நொடிக்கு ஏறத்தாழ 6,800 அதிர்வுகளை எழுப்பிக்கொண்டிருந்தது. அதனைக் கழற்றி 0.1 மைக்ரோஃபாரட் இட்டேன். அதிர்வு 680 அளவிற்குத் தாழ்ந்தது.

"யாரோ ஊதுறாங்களே!" என்று அம்மா நிமிர்ந்தார்.

நீர் வழியும் மெல்லிய சலசலப்பும் அவ்வாறே அவருக்கு எட்டாமற் போயிருக்க வேண்டும். செவியின் தளர்ச்சிக்கு மறதி என்று பெயரிட்டு, எத்தனை நாள் அவரைக் கடிந்திருக்கிறேன்! தயங்கித் தயங்கி அதனைச் சொன்னேன்.

"அதுக்கென்ன தம்பி, இனிமே தண்ணி வீணாகாதுல்ல?" என்று சொல்லிவிட்டு, அம்மா மோட்டாரை நிறுத்தப் போனார்.