மணிமுடியும் மனநோயும்

உடலிலே புண் உண்டானால் உலகம் இரங்கும்; உள்ளத்திலே நோய் உண்டானால் அதே உலகம் நகைக்கும். காய்ச்சலின் வேகத்தால் பிதற்றுவோனைக் கண்டு அயலார் கண்ணீர் வடிப்பர். காய்ச்சல் இன்றிப் பிதற்றுவோனைக் கண்டால் அவர்களே கதவை அடைப்பர். இரண்டும் பிணியே. எனினும் ஒன்றைத் துன்பம் என்றும், மற்றொன்றை இழிவு என்றும் எண்ணும் பிழை நெடுங்காலமாக மக்களிடையே வேரூன்றி நிற்கிறது. இப்பிழைக்கு ஏழையர், செல்வர் என்னும் வேறுபாடு இல்லை. மணிமுடி தாங்கிய மன்னர் ஒருவரே அதற்கு இலக்கானார். அவர் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ். அவர் நோயுற்றிருந்த சில திங்களின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு 1994-ஆம் ஆண்டில் ஆங்கிலத் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. 'ஜார்ஜ் மன்னரின் பித்து' என்பது அதன் பெயரின் பொருளாகும்.

ஆலன் பென்னட் என்னும் ஆசிரியர் எழுதி, 1991-ஆம் ஆண்டில் இலண்டன் தேசிய நாடக அரங்கில் நடிக்கப்பெற்ற நாடகமே இப்படத்திற்கு மூலம். நாடகத்தை இயக்கிய நிக்கலஸ் ஹைட்னரே படத்தையும் இயக்கினார். அரங்கில் மன்னராக நடித்த நைஜல் ஹாதார்ன் திரையிலும் மன்னராகத் தோன்றினார். அரசி சார்லட்டாக நடித்த ஹெலன் மிர்ரன் 1995-ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்குரிய பரிசைப் பெற்றார். காட்சிகளை அமைத்த கலைத்திறனுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆயினும் படத்தின் பெருமை பரிசுகளால் அமைந்ததன்று. நோயுற்ற மனிதர் ஒருவரை அவரைச் சூழ்ந்திருந்தோர் எவ்வாறு நடத்தினர் என்பதை ஒளியாது காட்டியதே அதன் பெருமை.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. இந்த நான்கு அளவுகோல்களையும் கையில் கொண்டு படத்தை நோக்கினால் மன்னர் எய்திய துன்பத்தின் காரணம் தெளிவாக விளங்கும்.

முதற்கண் நோயுற்றவரைக் காண்போம். மூன்றாம் ஜார்ஜ் 1738-ஆம் ஆண்டில் பிறந்தார். 1760-ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். ஆடம்பரத்தை விரும்பாதவர்; இல்லற நெறியில் வழுவாதவர்; பதினைந்து மக்களைப் பெற்றவர். உழவுத் தொழிலில் அவருக்கு இருந்த ஆர்வம் கண்டு மக்கள் அவரை 'உழவர் ஜார்ஜ்' என்று அழைத்தனர். வானநூல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷலுக்குப் பொருளுதவி செய்து ஆதரித்தார். அவர் தொகுத்த நூல்கள் பின்னர் நாட்டின் பொதுச் செல்வமாயின. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் 1776-இல் விடுதலை முழக்கம் செய்து பிரிந்தமை அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருந்தது. இத்தகைய மன்னர்தாம் 1788-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தமது ஐம்பதாம் வயதில், கொடிய நோய்க்கு ஆளானார். வயிற்று வலியோடு தொடங்கிய நோய் விரைவில் மனத்தைப் பற்றியது. உறக்கம் நீங்கிற்று. சொற்கள் மடை திறந்த வெள்ளம்போல் இடைவிடாது பெருகின. வாழ்நாள் முழுவதும் அளந்து பேசிய நாவிலிருந்து சொல்லத்தகாத சொற்களும் வெளிப்பட்டன.

இந்நிலையைத் திரையில் காண்போர் முதலில் நகைக்கவும் கூடும். இரவு உடையோடு மன்னர் வயல்வெளியில் ஓடுகிறார். ஏவலர் மூச்சிரைக்கப் பின்னே ஓடுகின்றனர். ஆனால் அந்நகை நெடுநேரம் நிற்பதில்லை. தாம் பேசுவதை மன்னர் தம் செவியாலேயே கேட்கிறார். அது தகாது என்பதையும் அறிகிறார். ஆயினும் நிறுத்த இயலாமல் தவிக்கிறார். அறிவு முற்றும் அழிந்தவனுக்கு அத்துன்பம் இல்லை. தன் வீடு எரிவதைச் சாளரத்தின் வழியே உள்ளிருந்து பார்ப்பவனுக்கே அத்துன்பம் உண்டு. இந்த உண்மையைக் கண்டபின், காண்போர் கண்களில் நகை மறைந்து நீர் துளிக்கிறது.

இனி, நோய் தீர்ப்போரை நோக்குவோம். அரண்மனை மருத்துவர்கள் பலர் இருந்தனர். பேக்கர் ஒருபுறமும், வாரன் ஒருபுறமும், பெப்பிஸ் ஒருபுறமும் நின்று தத்தம் கொள்கையையே பேசினர். ஒருவர் நாடியையும், மற்றொருவர் மலத்தையும் ஆராய்ந்தனர். நச்சு நீரை வெளியேற்றுவதாக எண்ணிக் காரமான பற்றுப் போட்டு உடலில் கொப்புளங்களை எழுப்பினர். மன்னரின் சிறுநீர் நீல நிறமாக மாறியதைப் பணியாளர் கண்டு சொல்லியும் மருத்துவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அரசர் முதலில் பேசினாலன்றி அவரிடம் ஒன்றும் வினவலாகாது என்னும் அவை மரபு வேறு அவர்களுடைய வாயைக் கட்டியது. நோயை நாடாமல், நோய்க்கு மூலத்தைத் தேடாமல், மரபையும் தம் பெருமையையும் காத்து நின்ற மருத்துவர் பலர் கூடியும் பயன் விளையவில்லை.

மன்னரின் நோய் அரண்மனைக்குள் அடங்கவில்லை, பாராளுமன்றத்தையும் கலக்கிற்று. மன்னர் ஆளும் தகுதியை இழந்தால் அவர் மகன் வேல்சு இளவரசர் ஆட்சிப் பேராளராவார். அவ்வாறாயின் இளவரசர் தலைமை அமைச்சர் வில்லியம் பிட்டை விலக்கித் தம் நண்பர் சார்லஸ் ஃபாக்ஸின் கட்சியை ஆட்சியில் அமர்த்துவார் என்பது உறுதி. ஆகவே ஒரு கட்சியார் மன்னர் நலம் பெறுவார் என்று சொல்லவும், மறு கட்சியார் நலம் பெறார் என்று சொல்லவும் மருத்துவர்களைத் தேடினர். நோயாளியின் படுக்கையே அரசியற் களமாயிற்று. தந்தையின் பிணி மகனுக்கு வாய்ப்பாகத் தோன்றியது. இதனினும் கொடிய நிலை பெற்றோர்க்கு வேறு உண்டோ?

இவ்வேளையில், 1788 டிசம்பர்த் திங்களில், பிரான்சிஸ் வில்லிஸ் என்னும் முதியவர் கியூ அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அவர் சமயக் குருவாகவும் மருத்துவராகவும் விளங்கியவர். லிங்கன்ஷயரில் கிரேட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் மனநோயாளருக்கென இல்லம் ஒன்று நடத்திவந்தார். அங்கே நோயாளர்கள் தூய உடை உடுத்து, வயலிலும் தோட்டத்திலும் உழைத்தனர். நோயாளரைப் பயனற்றவர் என்று தள்ளாமல் உழைக்கத் தக்கவர் என்று கொண்டமை வில்லிஸின் சிறப்பாகும். அவர் அவை மரபை ஏற்கவில்லை. மன்னரின் கண்களை நேருக்கு நேர் நோக்கினார். தாம் இங்கிலாந்தின் அரசர் என்று மன்னர் முழங்கியபோது, இங்கே அவர் அரசரல்லர், நோயாளரே என்று வில்லிஸ் அஞ்சாது விடையிறுத்தார்.

ஆனால் வில்லிஸின் முறையும் கடுமை நீங்கியதன்று. மன்னர் அடங்காதபோது கைகளை உடலோடு பிணைக்கும் இறுக்கச் சட்டையை அணிவித்தார், நாற்காலியில் அமர்த்தி வாரால் கட்டினார், வாயையும் அடைத்தார். அக்காட்சியின்போது, ஹாண்டெல் என்னும் இசைப்புலவர் 1727-ஆம் ஆண்டின் முடிசூட்டு விழாவிற்கென இயற்றிய இசை முழங்குகிறது. ஆங்கில மன்னர் முடிசூடும்போதெல்லாம் ஒலிக்கும் இசை அது. அரியணையில் அமரும் வேளைக்குரிய இசை, கட்டுண்டு அமரும் வேளையில் ஒலிக்கிறது. முடியும் கோலும் உள்ளத்தின் நோயைத் தடுத்து நிறுத்த மாட்டா என்பதை ஆயிரம் சொற்களாலும் இத்துணைத் தெளிவாக உரைத்தல் இயலாது.

வில்லிஸ் செய்தது நன்றோ தீதோ என்று படம் தீர்ப்புக் கூறவில்லை. மன்னரை நோயாளராக மதித்து நேரே பேசிய துணிவு நன்று. கட்டினால் மனம் அடங்கும் என்று எண்ணியது அக்கால அறிவின் குறை. ஒருவரிடத்திலேயே நன்மையும் பிழையும் கலந்திருத்தல் உலகியல்பு. நன்மையைக் கொண்டு பிழையை விலக்குதலே பின்வந்தோர் கடமை. அக்கடமையைச் சிலர் செய்தனர். 1796-ஆம் ஆண்டில் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் தொடங்கிய இல்லத்தில் சங்கிலிக்கு மாறாக அன்பும் அமைதியும் மருந்தாக ஆளப்பட்டன.

மருந்து என்னும் மூன்றாம் உறுப்போ அக்காலத்தில் இல்லவே இல்லை எனலாம். நோயின் பெயரே தெரியாதபோது மருந்து எங்ஙனம் தெரியும்? 1966-ஆம் ஆண்டில் ஐடா மக்கால்பின், ரிச்சர்டு ஹண்டர் என்னும் மருத்துவர் இருவர், மன்னருக்கு வந்தது போர்பிரியா என்னும் குருதி சார்ந்த பரம்பரை நோய் என்று எழுதினர். படத்தின் முடிவில் காட்டப்படும் குறிப்பும் இதனையே கூறுகிறது. ஆனால் பின்வந்த ஆய்வாளர் பலர் இக்கருத்தை ஐயுற்றனர். மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் உளநோயே அவரை வருத்தியது என்பர் அவர்கள். காரணம் எதுவாயினும், அது மன்னரின் குற்றமன்று, பிணியின் செயலே.

எஞ்சியது நான்காம் உறுப்பு. உடனிருந்து பேணுவோரின் அருமையைப் படம் கிரெவில் என்னும் அணுக்கப் பணியாளர் வாயிலாகக் காட்டுகிறது. ராபர்ட் கிரெவில் மன்னருடன் இருந்து நோயின் போக்கை நாட்குறிப்பாக எழுதிவைத்தவர். அக்குறிப்பு இன்றும் வரலாற்றுச் சான்றாக உள்ளது. படத்தில் அவர் மன்னர் ஏசினாலும் சினப்பதில்லை. நிலை தாழ்ந்தாலும் வணங்கத் தவறுவதில்லை. கணவரைக் காணாதவாறு விலக்கப்பட்ட அரசி சார்லட்டும் அன்பை விடவில்லை. மன்னரைத் திட்டமிட்டு நலமாக்கியவர் யார் என்று வினவினால் விடை கூறுதல் அரிது. அவர் தனித்து விடப்படாதவாறு காத்தவர் யார் என்று வினவினால் விடை எளிது.

நோய் தணியும் வேளையில் மன்னர் தோட்டத்தில் அமர்ந்து ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தைப் படிக்கிறார். மக்களால் கைவிடப்பட்டுப் பித்தேறிய முதிய அரசனின் கதை அது. மகள் கார்டிலியாவின் பகுதியைப் படிக்குமாறு அமைச்சர் தர்லோவைப் பணிக்கிறார். படிக்கும்போதே தர்லோவின் கண்கள் கலங்குகின்றன. மன்னர் பழைய நிலையை எய்திவிட்டார் என்று அவர் மகிழ்கிறார். அதற்கு மன்னர் தரும் விடை எண்ணத்தக்கது. நோயுற்றபோதும் தாம் தாமாகவே இருந்ததாகவும், தம்மைப் போலத் தோன்றும் வகையை மட்டும் இப்போது மீண்டும் அறிந்ததாகவும் அவர் கூறுகிறார். மனநோயாளரின் உள்ளே அம்மனிதர் மறைந்திருக்கிறாரேயன்றி மறைந்துபோகவில்லை என்னும் பேருண்மை இதில் அடங்கியுள்ளது.

ஆட்சிப் பேராளர் மசோதா 1789 பிப்ரவரி 12-ஆம் நாள் மக்களவையில் நிறைவேறியது. பிரபுக்கள் அவையில் அது ஆராயப்பட்டுக் கொண்டிருந்தபோது மன்னர் நலமுற்றார். படத்தில் அவரே விரைந்து பாராளுமன்றத்திற்கு வருவது சுவை கருதிச் சேர்த்த கற்பனை. ஏப்ரல் 23-ஆம் நாள் புனித பவுல் பேராலயத்தில் நன்றி வழிபாடு நிகழ்ந்தது. மக்கள் ஆரவாரம் செய்தனர். ஆனால் அந்த ஆரவாரத்தின் நடுவே படம் ஒரு கசப்பையும் காட்டத் தவறவில்லை. நோய்க் காலத்தில் மன்னருக்கு அணுக்கராக இருந்தோர், கிரெவில் உட்பட, பணியிலிருந்து விலக்கப்படுகின்றனர். அரசரின் தளர்ச்சியைக் கண்ட கண்கள் அரண்மனைக்கு வேண்டாதனவாயின. நோயை இழிவென்று எண்ணும் நாணம், நோய் நீங்கிய பின்னும் நீங்காமல், அன்பு செய்தோரையே தண்டித்தது.

படம் அங்கே முடிகிறது, வரலாறு முடியவில்லை. 1801-இலும் 1804-இலும் நோய் மீண்டும் வந்தது. 1810-இல் அருமை மகள் அமீலியா இறந்த காலத்தில் வந்த நோய் பின் நீங்கவே இல்லை. மறு ஆண்டில் இளவரசர் ஆட்சிப் பேராளரானார். பார்வை இழந்து, செவியும் மங்கி, விண்ட்சர் அரண்மனையில் மன்னர் தனித்து வாழ்ந்தார். 1818-இல் அரசி இறந்ததையும் அவர் அறியவில்லை. அவர் துயரை நினைவூட்டுமென்று அந்நாளில் இலண்டன் அரங்குகளில் 'லியர் மன்னன்' நாடகம் நடிக்கப்படாமல் நிறுத்தப்பட்டிருந்தது. 1820 ஜனவரி 29-ஆம் நாள், எண்பத்தொன்றாம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

இன்று மனநோய்க்கு நன்மருந்துகள் உண்டு. நல்ல மருத்துவரும் உண்டு. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கிடைக்காத அவ்விரண்டும் இன்று எளிய குடிமகனுக்கும் கிடைக்கக் கூடும். ஆனால் உடனிருந்து பேணும் நான்காம் உறுப்பு மருந்துக் கடையில் விற்பதன்று. அது அண்டை வீட்டாரிடமும், உடன் பயிலும் மாணவரிடமும், உற்றாரிடமும் பிறக்க வேண்டியது. உள்ளம் நொந்தவனைக் கண்டு நகையாதிருத்தல் அதன் முதற்படி. அவன் பேச்சுக்குச் செவி கொடுத்தல் இரண்டாம் படி. தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் மூன்றாம் படி. அவன் நலம் பெற்ற பின்னும் அவன் முன்னைய நிலையைச் சொல்லிக் காட்டாமை நிறைவான படி. கிரெவிலை விலக்கிய அரண்மனை ஏறத் தவறியது அந்த இறுதிப் படியையே.