வாயில்லா ஜீவனுக்காக ஒரு முடிவு

மனிதருக்கு நோய் வந்தால், ‘என்ன செய்யலாம்?’ என்று அவரையே கேட்கலாம். வாயில்லா ஜீவனுக்கு வந்தால், அதன் சார்பில் நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கையொப்பம் நம்முடையது, வலி அதனுடையது. வங்கிப் பணியில் எத்தனையோ தாள்களில் கையொப்பமிட்ட எனக்கு, கால்நடை மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தைப்போல் கனத்த தாள் வேறொன்று வாய்த்ததில்லை.

எங்கள் வீட்டுப் பொமரேனியன் மணிக்கு 12 வயது. எடை 4 கிலோ. அதன் பின்னங்காலில் சுண்டைக்காய் அளவில் இருந்த கட்டியை அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ‘மாஸ்ட் செல்’ என்னும் அணுக்களில் தோன்றிய புற்று என்று அறிக்கை வந்தது. நாய்களின் தோலில் மிகுதியாகக் காணப்படும் புற்றுக்கட்டி இதுவே. வீரியம் குறைந்த வகை என்பது ஆறுதல். வெட்டியெடுத்த தசையின் விளிம்பு வரையில் நோயணுக்கள் இருந்தன என்பது கவலை.

மருத்துவர் இரு வழிகளையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மறுபடி அறுவைச் சிகிச்சை செய்தால், தழும்பைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியிலுள்ள படலத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். மணியின் மெலிந்த காலிலோ இழுத்துத் தைக்கவே தோல் போதாது. இதய வால்வில் கசிவும் இருப்பதால் மயக்க மருந்தின் அபாயம் கூடுதல். அப்படியே விட்டால், இவ்வகைக் கட்டி பல நாய்களுக்குத் திரும்புவதில்லை. திரும்பினால், அப்போதைய சிகிச்சை இன்னும் கடினமாகலாம்.

“பணத்தைப் பற்றி யோசிக்காதீர்கள் அப்பா, செய்துவிடுங்கள்” என்றான் வெளியூரிலுள்ள மகன். கழுத்தில் கூம்புக் காப்புடன் தண்ணீர் குடிக்கவும் திணறிய மணியை இரவெல்லாம் மடியில் வைத்திருந்த என் மனைவியோ, “இன்னொரு முறை அதைப் படுத்த வேண்டாங்க” என்றாள். இருவர் பேச்சிலும் அன்பே இருந்தது.

தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தார் தருமர். கைவிடாதிருத்தல் என்பது எல்லாச் சிகிச்சையும் செய்து தீர்ப்பதா, உடனிருந்து காப்பதா? இக்கேள்வியே என்னை வாட்டியது. இறுதியில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: இந்தச் சிகிச்சை மணியின் நலத்திற்கா, என் அச்சம் தீர்வதற்கா?

நிணநீர்க் கணுவில் ஊசியிட்டுச் சோதித்ததிலும், வயிற்று ஸ்கேனிலும் நோய் பரவிய அறிகுறி இல்லை. ஆகவே காத்திருப்பது என்று முடிவு செய்தோம். மணிக்கு வயது ஐந்தாகவும் இதயம் திடமாகவும் இருந்திருந்தால், மறு சிகிச்சைக்கே சம்மதித்திருப்பேன். ஆதலால் எங்கள் முடிவு எல்லார்க்கும் பொருந்தாது.

இப்போது வாரந்தோறும் அதன் உடல் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கிறோம். மாதம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுகிறோம். நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. கட்டி திரும்பவில்லை. நாளை திரும்பவும் கூடும். அன்று மீண்டும் ஆராய்வோம்.

இத்தகைய சூழ்நிலை வாய்க்கும் அன்பர்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை மூன்று: செய்தால் என்ன, விட்டால் என்ன, பொறுத்திருந்து பிறகு செய்ய இயலுமா? விடை தெரிந்தபின் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது அந்த ஜீவனின் பொருட்டு எடுத்ததாக இருந்தால் போதும்.