கடைசி நாளும் கைக்கு வராத பட்டமும்

ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் சிலர் நற்சான்றிதழ் கேட்டு என்னிடம் வருவதுண்டு. "சாமி, பி.எட். தேர்வு எழுதிவிட்டேன்; முடிவுதான் வரவில்லை. நேர்முகத் தேர்வுக்குள் வந்துவிட்டால் போதாதா?" என்பார்கள். போதும் என்று சொல்லவே மனம் விழைகிறது.

ஆனால் ராஜஸ்தான் பல்கலைக்கழக ஆசிரியர் தேர்வு பற்றிய வழக்கில், 1993ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகக் கூறியது. அறிவிப்பில் தனி நாள் குறிக்கப்படாவிடில், விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இருக்கும் தகுதியே தகுதி. தேர்வு நாள் நிச்சயமற்றது. வேண்டியவர்க்கு ஏற்ப அதனை மாற்றவும் கூடும். ஆயினும், 1985 முதல் பணியாற்றி வந்தோரை நீதிமன்றம் வெளியேற்றவில்லை.

1997ஆம் ஆண்டு, பொறியாளர் பணி பற்றிய வழக்கிலும் மூன்று நீதிபதிகள் இதே நெறியை உறுதிசெய்தனர். பின்னர் பெற்ற பட்டமும் செல்லுமெனத் தெரிந்திருந்தால், அவ்வாறே காத்திருந்த பிறரும் விண்ணப்பித்திருப்பார்கள் அல்லவா?

சிந்திப்போம். அறிவிப்பை நம்பி, நேர்மையோடு ஒதுங்கி நின்றவரின் முகம் எந்தக் கோப்பிலும் இல்லை. கண்முன் நிற்பவர்க்குக் காட்டும் இரக்கம், காணாத அவருக்கு அநீதியாகிவிடலாம். இரக்கம் காட்ட விரும்புவோர், தேர்வு முடிவுக்குக் காத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பிலேயே எழுதட்டும். அப்போது அது எல்லார்க்கும் உரியதாகும்.