மர்மதேசத்துக்கு மதுரை வழி

தொலைக்காட்சித் தொடரோடு கைகோத்து நடக்கும் நாவல்களை எழுதுகிறவர்களைப் பற்றி நம் விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை. “டிவி கதைதானே” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்னை வாசகனாக்கியவை அந்தக் கதைகள்தான். அவற்றை எழுதியவர்களுக்குப் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

1993இல் சன் டிவி வந்த பிறகு மதுரைத் தெருக்களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கேபிள் ஒயர் ஓடத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் ‘மர்மதேசம்’ வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. முதலில் ‘ரகசியம்’, அடுத்து ‘விடாது கருப்பு’. இரண்டையும் இயக்கியவர் நாகா. டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், “ராத்திரி நேரத்துல கருப்பு பேர எடுக்காதீங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அவரும் நகராமல் பார்ப்பார். ஒருநாள் தொடர் முடிந்ததும் மாமா சொன்னார்: “இந்தக் கதைய எழுதுனவரு நம்ம மதுரையிலதான்டா இருக்காரு.” எழுத்தாளர் என்றால் சென்னையில்தான் இருப்பார் என்று நம்பியிருந்த வயது அது. நம் ஊர் வெயிலில் நடக்கிற ஒருவர், இந்த ஊரைப் பார்த்தே இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்கிறார் என்பது பெரிய செய்தியாக இருந்தது.

அவர் இந்திரா சௌந்தர்ராஜன். வார இதழ்த் தொடர், மாத நாவல், தொலைக்காட்சி, ஆன்மிகச் சொற்பொழிவு என்று எல்லாத் திசையிலும் உழைத்தவர். அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் திரையில் ‘விடாது கருப்பு’ ஆனது. தொடரைப் பார்த்து முடித்தபின் நாவலைத் தேடிப் பிடித்துப் படித்தேன். முடிச்சு எப்படி அவிழும் என்று தெரிந்திருந்தும் கீழே வைக்க முடியவில்லை. திரையில் குதிரைக் குளம்படியும் இசையும் செய்த வேலையை, தாளில் ஒரு வாக்கியத்தின் நிறுத்தம் செய்தது. ஒரே கதை இரண்டு ஊடகங்களில் இரண்டு விதமாக மூச்சு விடும் என்பதை அன்று கற்றேன். பின்னாளில் படித்த எந்தப் பாடப்புத்தகமும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்தக் கதையில் வரும் கருப்பசாமி வெறும் கதாபாத்திரம் அல்ல. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னிதி என்பது சந்தனம் பூசி மூடிய கதவுதான். அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆட்கள் அஞ்சுவார்கள்; தீராத வழக்குகள் அங்கே ஒரு சத்தியத்தில் தீர்ந்திருக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ போனால், கண்மாய்க் கரையில் அரிவாளோடு ஒரு காவல் தெய்வம் நிற்கும். இந்த மண்ணில் நின்றுகொண்டு, ‘தண்டிப்பது சாமியா, சாமியின் பெயரில் ஒரு மனிதனா, மனித மனத்துக்குள் நடக்கும் வேறு ஏதோ ஒன்றா’ என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். நம்புகிறவரைப் புண்படுத்தாமல், நம்பாதவரையும் அழைத்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும். மனநூலும் குலசாமி மரபும் ஒரே கதைக்குள் சமமாக உட்கார இடம் கொடுத்தார் அவர்.

‘ரகசிய’த்தின் நடுவில் இருப்பது நவபாஷாண லிங்கம். ஒன்பது நச்சுப் பொருட்களை முறைப்படி கட்டினால் அதுவே மருந்தாகும் என்பது சித்த மரபின் நம்பிக்கை. பழநி முருகன் சிலையைப் போகர் அப்படிச் செய்தார் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையை எடுத்து, ‘இது உண்மையானால் என்ன நடக்கும்? இதைத் தேடி யார் யார் வருவார்கள்?’ என்று இந்திரா சௌந்தர்ராஜன் கேட்டுப் பார்க்கிறார். அறிவியல் புனைகதையின் அடிப்படை இந்த ‘உண்மையானால்’தான். விண்கலமும் வேற்றுக்கிரகமும் அதன் ஒரு வகை. சித்தர் ஓலைச்சுவடியிலிருந்து கிளம்புவது இன்னொரு வகை என்றே நான் கொள்கிறேன்.

முதல் வகையைத் தமிழில் வீடு வீடாகக் கொண்டுபோனவர் சுஜாதா. ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியும், நிலா என்ற பெண்ணும், ஜீனோ என்ற இயந்திர நாயும் வந்தார்கள். எதிர்காலத்தில் நடக்கும் அந்தக் கதையும் பிறகு தூர்தர்ஷனில் தொடரானது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். திரைக்கு எழுதுவதைக் குறைச்சலாக நினைக்காமல், திரைக்கதை எழுதும் முறையைத் தனிப் புத்தகமாகவே எழுதி வைத்தார்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த ஓட்டம் நேர் எதிராக இருந்தது. நம்மிடம் பத்திரிகையில் பிறந்த கதை டிவிக்குப் போனது; அங்கே டிவியில் வந்த கதை புத்தகமானது. சுஜாதா பிறந்த அதே 1935இல் லண்டனில் பிறந்தவர் டெரன்ஸ் டிக்ஸ். 1963இல் பிபிசி தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் தொடரில், 1968 முதல் 1974 வரை கதைப் பிரிவில் பொறுப்பில் இருந்தார். பிறகு அந்தத் தொடரின் கதைகளை டார்கெட் பதிப்பகத்துக்காக நாவல்களாக்கினார். அறுபதுக்கும் மேல் எழுதினார். வீட்டில் வீடியோ ரெக்கார்டர் இல்லாத காலம். ஒருமுறை ஒளிபரப்பானதைத் திரும்பப் பார்க்கச் சிறுவர்களுக்கு வழியில்லை. அந்தச் சின்னப் புத்தகங்களே அவர்களுக்கு மறு ஒளிபரப்பு. எளிய ஆங்கிலத்தில், நேர் நடையில் எழுதப்பட்ட அவற்றைப் படித்தே வாசிப்புக்குள் வந்ததாக ஒரு தலைமுறையே நன்றியோடு சொல்கிறது.

அதற்குள் இன்னொரு செய்தி உண்டு. பிபிசி அந்நாளில் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. அதனால் ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை காணாமல் போயின. படம் போய்விட்டது, நாவல் வடிவில் அந்தக் கதைகள் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. சில நாட்களில் மறந்துபோகும் சரக்கு என்று யாரும் பொருட்படுத்தாத மலிவுப் பதிப்புகள், பெரிய நிறுவனம் காக்கத் தவறியதைக் காத்துக் கொடுத்தன.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் ‘ஸ்டார் டிரெக்’ டிவி தொடரின் கதைகளைப் புத்தகமாக்கினார். அவர் ஏற்கெனவே பெயர் பெற்ற நாவலாசிரியர். இருந்தும், பிறர் எழுதிய திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு சிறுகதையின் கட்டுக்கோப்பைக் கொண்டுவர மெனக்கெட்டார். 1975இல் இறக்கும் வரை அந்த வேலையை விடவில்லை.

இப்படி எழுதுவது லேசான காரியம் அல்ல. பாத்திரங்கள் ஏற்கெனவே வாசகர் மனத்தில் முகத்தோடும் குரலோடும் இருப்பார்கள். அந்த முகத்தை மாற்ற முடியாது; அதற்குள் ஒரு மனத்தை வைக்கலாம். டிவிக்குக் கதை கொடுப்பவருக்கு வேறு சிரமம். தன் கதையில் நடிகரும் ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் கை வைப்பார்கள் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். எத்தனை கை பட்டாலும் குலையாத ஒரு கேள்வி கதைக்குள் இருந்தால்தான் அது தாங்கும். ‘விடாது கருப்பு’ தாங்கியது. ஆண்டுகள் கழித்தும் மதுரைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், அந்தக் கேள்வி அவர்களுடைய சொந்தக் கேள்வி என்பதே காரணம்.

2024 நவம்பர் 10ஆம் தேதி இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். இரங்கல் செய்திகளில் ‘மர்மதேசம்’ முன்னால் வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தொடரின் வழியாகப் புத்தகத்துக்கு வந்த என்னைப் போன்றவர்களைப் பற்றியும் யாராவது எழுதியிருக்கலாம் என்றே தோன்றியது. ஒரு மனிதனைப் படிக்க வைப்பதைவிடப் பெரிய இலக்கியப் பணி எது?

அப்படிப் படிக்க வைத்த தாள்களைக் காக்க மதுரையிலேயே இடம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், தென்மாவட்டங்களுக்குக் கிடைத்த பெரிய செல்வம். அங்கே மாத நாவல்களுக்கென்று ஒரு தளத்தில் தனிப் பகுதி வேண்டும். வார இதழ்களிலிருந்து கிழித்துக் குடும்பங்கள் பைண்டு செய்து வைத்திருக்கும் தொடர்கதைகளைக் கேட்டு வாங்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களின் கையெழுத்துப் பிரதிகளையும், தொடரின் பதிவுகளையும் அதே அலமாரியில் சேர்க்க வேண்டும். இந்தத் தாள்கள் மலிவானவை. சீக்கிரம் மஞ்சளாகி உதிர்பவை. பரண்களிலிருந்து எடைக்குப் போவதற்குள் இந்த வேலை தொடங்கியாக வேண்டும். நம் ஊர் மக்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள், எதை நம்பினார்கள், எதைச் சந்தேகித்தார்கள் என்று நாளை ஒரு மாணவி ஆராய வந்தால், விடைகளில் பாதி அந்தத் தாள்களில்தான் இருக்கும்.