புரவி தந்த பாடம்

நுழையும்முன்

இளமையில் கற்றுப் பாதியில் கைவிட்ட கலையை நடுவயதில் மீண்டும் தொடங்கும்போது, மனம் பழைய உயரத்திலேயே நிற்கிறது; உடலோ அங்கிருந்து வெகுதொலைவு இறங்கி வந்துவிடுகிறது. அந்த இடைவெளியின் சுமையைத் தாங்குவது யார்? குதிரையேற்றப் பயிற்சிக்குத் திரும்பிய கால்நடை மருத்துவர் ஒருவரின் அனுபவம் இவ்வினாவை எழுப்புகிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு குதிரையின் கழுத்தில் கைவைத்து நின்றேன். வைகறை ஈரமும் புல்லின் மணமும் சேணத்தோலின் வாசமும் ஒன்றாய்க் கலந்து வந்தன. அந்த மணம் என் நாற்பத்து நான்கு வயதை ஒரு நொடியில் பாதியாக்கிவிட்டது.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் பயின்ற நாள்களில், தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சேர்ந்து ஈராண்டுகள் குதிரையேற்றம் கற்றேன். விடியுமுன் எழுந்து லாயத்திற்கு ஓடுவதும், குளம்பிடுக்கில் படிந்த மண்ணைக் கிளறி எடுப்பதும், சேணம் பூட்டி ஏறுவதும் அன்று என் உயிர்மூச்சாக இருந்தன. படிப்பு முடிந்தது. பணி கிடைத்தது. காவிரிப் படுகைச் சிற்றூர்களில் பசுவுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் மருத்துவம் பார்த்தே ஆண்டுகள் கழிந்தன. திருமணம், மகப்பேறு, இடமாற்றங்கள் என வாழ்க்கை வேறு தடத்தில் சென்றது. குதிரை என் நினைவில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையின் புறநகருக்கு மாற்றலாகி வந்தபோது, வீட்டிலிருந்து சிறிது தொலைவில் ஒரு குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் இருப்பதை அறிந்தேன். “இந்த வயதிலா?” என்றனர் உறவினர். “நீந்தக் கற்றவர் நீச்சலை மறப்பாரா?” என்று விடை கூறினேன். அவ்விடையில் பாதிதான் உண்மை என்பது பின்னரே விளங்கியது.

முல்லை

எனக்குத் தரப்பட்ட குதிரையின் பெயர் முல்லை. பதினாறு வயதான செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, நெற்றியில் வெண்சுட்டி, புதியவர்களைப் பொறுத்துக்கொள்ளும் அமைதியான இயல்பு. பயிற்சியளிப்பவர் ஓய்வுபெற்ற படைவீரர். சொற்களை எண்ணிச் செலவிடுபவர்.

நடை எனக்கு எளிதாகவே வந்தது. நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தைத் தொடும் நாற்சீர்த் தாளம் அது. அடுத்துத் துள்ளுநடை. முன்னங்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்றும் இணையாக எழுந்து விழும் இருசீர்த் தாளம். அத்தாளத்திற்கு இசைய ஏறுபவர் ஒருமுறை எழுந்து ஒருமுறை அமர வேண்டும். எப்பொழுது எழ வேண்டும் என்பது என் மனத்திற்கு நன்றாக நினைவிருந்தது. எழும் ஆற்றல்தான் தொடைகளில் இல்லை. பத்துச் சுற்றுகளுக்குள் மூச்சு வாங்கியது. மெல்ல அமர வேண்டிய இடத்தில் தொப்பென்று விழுந்தேன். நிலைதடுமாறிய போதெல்லாம் கைகள் தாமாகவே கடிவாள வாரை இறுகப் பற்றின.

மறுநாள் காலையில் வீட்டு மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. உட்தொடைத் தசைகள் தீப்பட்டவைபோல் எரிந்தன. ஆயினும் உள்ளம் களித்தது. வலி என்பது முயற்சியின் அடையாளம் என்று என்னையே பாராட்டிக்கொண்டேன். வாரம் மூன்று நாள்கள் தவறாமல் சென்றேன். அந்த வலி எனக்கு மட்டும் உரியதன்று என்னும் எண்ணம் ஐந்து வாரங்கள்வரை எழவே இல்லை.

விரல்கள் கண்ட உண்மை

ஆறாம் வாரத்தின் ஒரு காலைப்பொழுது. முல்லை வழக்கம்போல் நடக்கவில்லை. காதுகளைப் பின்னுக்கு மடித்தாள். வாலை அடிக்கடி சுழற்றினாள். துள்ளுநடைக்குத் தூண்டியபோது தலையை உயர்த்தி மறுத்தாள்.

“டாக்டரம்மா, இறங்குங்கள்” என்றார் பயிற்சியாளர். “சேணத்தை நீங்களே கழற்றிப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.”

சேணத்தையும் அதன் கீழ்விரிப்பையும் எடுத்தேன். முதுகெலும்பின் இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டிய வியர்வைத் தடம் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் காணப்பட்டது. மருத்துவர் என்னும் முறையில் விரல்களை முதுகெலும்பின் ஓரமாக வைத்து, பிடரியிலிருந்து இடுப்பை நோக்கி மெதுவாக அழுத்திக்கொண்டே சென்றேன். குதிரைக்கு விலாவெலும்புகள் பதினெட்டு இணை. அவற்றைத் தாங்கும் முதுகெலும்பின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் தசையின்மீதுதான் ஏறுபவரின் முழு எடையும் தங்குகிறது. வலப்பக்கத்தில் ஓரிடத்தை அழுத்தியதும் முல்லையின் தோல் துடித்தது. முதுகு சட்டென்று கீழே தாழ்ந்தது. மீண்டும் அழுத்தினேன். மீண்டும் தாழ்ந்தது.

பிற சேணங்களையும் பிற மாணவர்களையும் எண்ணிப் பார்த்தேன். சேணம் அவளுக்கு அளவாகவே பொருந்தியிருந்தது. அம்மாதத்தில் அவள்மீது மிகுதியாக ஏறியவள் நான்தான். பல்லாண்டுகளாக மருத்துவப் பையை வலத்தோளில் சுமந்து பழகிய என் உடல் வலப்புறம் சாய்ந்தே அமர்ந்திருக்கிறது. நோயைக் கண்டறிய எத்தனையோ முறை பயன்பட்ட என் விரல்கள், இம்முறை நோய்க்குக் காரணமானவளையும் கண்டறிந்துவிட்டன.

குதிரை இரையாகும் இனத்தைச் சேர்ந்த விலங்கு. வலியை வெளிக்காட்டும் விலங்கை வேட்டையாடுவது எளிது என்பதால், இயன்றவரை அதனை மறைப்பது அதன் இயல்பு. நாய் குரைக்கும்; பசு கத்தும்; குதிரையோ பெரும்பாலும் பேசாது. காதும் வாலும் தோலுமே அதன் சொற்கள். அச்சொற்களை ஐந்து வாரங்கள் நான் படிக்கவில்லை.

அன்று மாலை அளவுநாடாவுடன் மீண்டும் சென்றேன். குதிரையின் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, வந்ததை உடல் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் அதன் எடை கிலோகிராமில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 172, நீளம் 157. முல்லையின் எடை ஏறக்குறைய 391 கிலோகிராம். சேணத்தையும் சேர்த்து, ஏறும் சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுநெறி. அதன்படி அவள் தாங்கத்தக்கது 78 கிலோகிராம். என் எடை 74, சேணம் 8. நான்கு கிலோகிராம் கூடுதல். அதிலும், நிலையாக அமரும் சுமையைவிட எகிறி எகிறி விழும் சுமை கொடியது.

“இவள் ஒரு திங்கள் ஓய்வெடுக்கட்டும். வேண்டுமானால் வேறு பெரிய குதிரை தருகிறேன்” என்றார் பயிற்சியாளர். அது எளிய வழி. ஆனால் என் தளர்ந்த உடலை வேறொரு முதுகுக்கு மாற்றுவது தீர்வாகுமா? “நான் ஆயத்தமான பிறகு வருகிறேன், ஐயா” என்றேன். அன்றிலிருந்து மூன்று திங்கள் நான் எக்குதிரையின்மீதும் ஏறவில்லை.

நிலத்தில் நடந்த பயிற்சி

தமிழில் குதிரைக்குப் புரவி, பரி, மா, இவுளி எனப் பெயர்கள் பல. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. போர்க்குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கெனக் குதிரை மறம் என்னும் துறையையே புறப்பொருள் இலக்கணம் வகுத்துள்ளது. குதிரையின் மறத்தை வகுப்பறையில் படித்திருந்த நான், அதைச் சுமக்கச் சொல்லும் மனிதரின் கடமையை இப்பொழுதுதான் படிக்கத் தொடங்கினேன்.

பயிற்சிக்கென விலையுயர்ந்த கருவி எதையும் நான் நாடவில்லை. நாள்தோறும் நாற்பது நிமிடம் விரைந்து நடந்தேன். பள்ளியில் தண்டனையாகக் கருதி வெறுத்த தோப்புக்கரணத்தை இப்பொழுது மருந்தாக ஏற்றேன். பத்தில் தொடங்கி ஐம்பதுவரை உயர்த்தினேன். அங்கவடியில் குதிகால் தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதால், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தாழ்த்தி ஏற்றும் பயிற்சியை மேற்கொண்டேன். முன்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி, உடலைப் பலகைபோல் நிறுத்தும் பயிற்சியில் முதல்நாள் பதினைந்து நொடிகளே தாக்குப்பிடித்தேன். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உறுதிப்பட்டால்தான் கை கடிவாளத்தில் தொங்காது. உட்காருமிடம் நிலைபெற்றால் கை தானே மென்மையாகும் என்பதை அப்பயிற்சியே உணர்த்தியது. சாய்ந்த தோளைச் சீர்செய்ய, மருத்துவப் பையை இடத்தோளுக்கும் மாற்றிப் பழகினேன். ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் வலக்கால் நிலைத்தது, இடக்கால் நடுங்கியது. எந்தப் பக்கத்தில் நான் வலுவிழந்திருந்தேன் என்பதை அந்நடுக்கமே காட்டிக்கொடுத்தது.

பயிற்சிக்கூடத்திற்குச் செல்வதை நிறுத்தவில்லை. வாரம் இருமுறை சென்று லாயத்தைப் பெருக்கினேன், சாணம் அள்ளினேன், இரு கைகளிலும் நீர்வாளிகளைச் சுமந்தேன், முல்லையின் உடலைத் தேய்த்துவிட்டேன். “டாக்டரம்மா, நாங்கள் செய்யும் வேலை இது” என்று லாயக்காரர் கூச்சப்பட்டார். “எனக்கு இதுதான் உடற்பயிற்சி, அண்ணா” என்றேன். சில நாள்களில் அவர் தேய்க்கும் முறையையே எனக்குத் திருத்திக் கற்பித்தார்.

சோர்வுற்ற நாள்களும் உண்டு. இரண்டாம் திங்களில் எடை அசையவே இல்லை. இந்த வயதில் இவையெல்லாம் தேவைதானா என்னும் வினா, உறவினர் குரலை விட்டு என் குரலிலேயே எழுந்தது. அந்நாள்களில் இருவரை நினைத்துக்கொள்வேன். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் 1944ஆம் ஆண்டில் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் துணை தேவைப்பட்ட அவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து 2008இல் பெய்ஜிங்கிலும், தம் எழுபத்தொன்றாம் வயதில் 2012இல் லண்டனிலும் மீண்டும் களமிறங்கினார். பதக்கக் கனவு எனக்கில்லை. ஆயினும், திரும்பி வருதல் இயலும் என்பதற்கு அவ்விருவரும் சான்றாக நின்றனர்.

மீண்டும் சேணத்தில்

மூன்று திங்கள் முடிந்தன. என் எடை 68 ஆனது. சேணத்தோடு 76, முல்லைக்குத் தாங்கத்தக்க எல்லைக்குள் இரண்டு கிலோகிராம் குறைவு. முதுகை மீண்டும் அழுத்திப் பார்த்தேன். தோல் துடிக்கவில்லை, முதுகு தாழவில்லை.

அங்கவடியில் தொங்கி ஏறினால் அவளது முதுகு ஒருபுறம் இழுபடும் என்பதால் ஏறுபடியின்மேல் நின்று ஏறினேன். பயிற்சியாளர் நீண்ட கயிறொன்றைப் பிடித்து நடுவில் நின்றுகொண்டார். முல்லை அவரைச் சுற்றி வட்டமாக நடந்தாள். என் கையில் கடிவாளம் தரப்படவில்லை, அங்கவடிகளும் கழற்றப்பட்டிருந்தன. பிடித்துக்கொள்ள எதுவுமில்லாத நிலையில் சமநிலை ஒன்றே துணை.

“துள்ளுநடை” என்றார்.

இருசீர்த் தாளம் தொடங்கியது. முதல் சுற்றில் அஞ்சினேன். இரண்டாம் சுற்றில் இடுப்பு அவளது அசைவோடு இசைந்தது. எகிறவில்லை, விழவில்லை. நான்காம் சுற்றில் முல்லை தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டினாள்; மூக்கின் வழியாக நீண்ட மூச்சொன்றை விட்டாள். இறுக்கம் தளர்ந்த குதிரை விடும் மூச்சு அது. பயிற்சியாளர் வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சற்றுத் தளர்த்தினார். அதனினும் மேலான பாராட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர்க் கிரேக்க நாட்டின் செனபோன் குதிரையேற்றம் குறித்து ஒரு நூல் எழுதினார். குதிரையைச் சினத்தோடு அணுகலாகாது என்பது அவர் வற்புறுத்தும் அறிவுரைகளுள் ஒன்று. சினத்தோடு மட்டுமன்று, ஆயத்தமின்றியும் அணுகலாகாது என்று என் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன். நம் உடலை நாம் பேணாதபோது அதன் விலையை நாமே செலுத்துவதாக எண்ணுகிறோம். பல வேளைகளில் நம்மைச் சுமப்பவர்களே அதைச் செலுத்துகின்றனர். அவர்கள் வாய்திறந்து சொல்வதுமில்லை.

இப்பொழுதும் வாரம் இருமுறை முல்லையிடம் செல்கிறேன். பயிற்சி முடிந்ததும் சேணத்தைக் கழற்றி முதலில் வியர்வைத் தடத்தைப் பார்க்கிறேன். இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் அன்றைய பாடத்தில் தேறிவிட்டேன் என்று பொருள். வேறுபட்டிருந்தால் மறுநாள் காலையில் தோப்புக்கரணம் பத்துக் கூடுதல்.