மூலைக்கு ஒரு பூ

ஆவணி மாதத்தில் கர்நாடகத்தின் எல்லாப்பூர் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் டேலியா பூத்துக் கிடக்கும். அங்கே அதற்கு ‘டேரே’ என்று பெயர். “சித்திப் பெண்கள் தைக்கிற போர்வையைப் பார்க்கணும்னா டேரே பூக்கிறப்போ வா. நிறத்தையெல்லாம் அதிலிருந்துதான் எடுக்கிறாங்க” என்று ஹூப்ளி நண்பர் ஆசை காட்டியிருந்தார். நம்பிப் போனேன்.

சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்த்துக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த அடிமைகளில் தப்பி ஓடியவர்கள் பலர் இந்த மலைக்காட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் அவர்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது 2003-ல்தான்.

நாங்கள் போனது ஒரு கிறிஸ்தவ சித்தி வீடு. திண்ணையில் பாதி தைத்த ‘கவந்தி’ப் போர்வையின் மேலேயே உட்கார்ந்து அந்த வீட்டு அஜ்ஜி (பாட்டி) தைத்துக்கொண்டிருந்தார். சட்டமில்லை, குண்டூசியில்லை, தையல் மிஷினும் இல்லை. பூவைப் பார்த்தா நிறம் எடுக்கிறீர்கள் என்று நண்பர் கன்னடத்தில் கேட்டதும் சிரித்துவிட்டார். “எது கிழியுதோ அதுதானே நிறம்!”

அடியில் ஒரு பழைய புடவை. அதன்மேல் லுங்கித் துண்டு, உள்பாவாடை, ரவிக்கைக் கை, பேத்தியின் பள்ளிச் சீருடை நீலம். துண்டின் விளிம்பைக் கட்டைவிரலால் உள்ளே மடித்துக்கொண்டே ஓட்டுத் தையல் போகிறது. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடியும். சீருடை நீலத்தின் பக்கத்தில் ஒரு பச்சையை வைத்தார், பார்த்தார், எடுத்துவிட்டார். “அடங்கிப்போச்சு.” அடுத்து கனகாம்பர நிறத்தில் ஒரு முந்தானைக் கிழிசலை வைத்ததும் நீலம் பளிச்சென்று எழுந்து நின்றது. மேற்கொண்டு யோசனையில்லை, ஊசி இறங்கிவிட்டது. முற்றத்து டேரேவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் போர்வையில் பூ உண்டு. நான்கு மூலையிலும் பல வண்ணத் துணியை அடுக்கடுக்காக மடித்து வைக்கும் முக்கோணம். அதன் பெயர் ‘பூலா’. அந்த மடிப்பு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பூலா இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். “அம்மணமா இருக்கும்” என்றார்.

2004 வாக்கில் ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் இங்கே ஆய்வுக்கு வந்தார். பெண்களுக்கென்று ஒரு கூட்டுறவு அமைய உதவினார். போர்வைகள் அமெரிக்கக் கண்காட்சிகள் வரை போயின. நல்ல காரியம். பேர் பரவினால் பின்னாலேயே வியாபாரியும் வருவான், என்ன செய்வது?

அஜ்ஜியின் மருமகள் தன் போனைக் காட்டினார். ஏதோ ஒரு நகரத்துக் கடை அனுப்பிய படங்கள். எல்லாம் சீமைத் தோட்டப் பூக்கள். வெளிர் ஊதா, வெளிர் ரோஜா, பால் வெள்ளை. “இந்தப் பருவத்துக்கு இந்த நிறங்கள்” என்ற உத்தரவோடு புதுத்துணி மூட்டையும் வந்து இறங்கியிருந்தது. பார்சலில் மடிக்கத் தோதில்லை என்பதால் பூலாவும் வேண்டாமாம்! ஆக, பூவைப் பார்த்து நிறம் எடுப்பவர்கள் கடைக்காரர்கள்தான். அந்தப் பூ எல்லாப்பூரில் பூக்காது என்பது அவர்கள் கவலையில்லை. தைத்தவளுக்குக் கூலியோடு கணக்கு முடிந்தது. ‘பழங்குடிக் கலை’ என்று சீட்டு ஒட்டி விற்பார்கள், சீட்டில் தைத்தவள் பேர் இருக்காது. கைத்தறியில் நாம் பார்க்காத கூத்தா இது? நெசவாளி வீட்டில் இருட்டு, கடையில் ஏ.சி. நிறத்தையும் கடைக்காரனே சொல்லி, விலையையும் அவனே போட்டு, மூலைப் பூவையும் அவனே வெட்டச் சொன்னால் இந்தப் பெண்களுக்கு மிச்சம் இடுப்பு வலிதான்.

தைத்துக்கொண்டிருந்ததை விலைக்குக் கேட்டேன். அது பிறக்கப்போகும் கொள்ளுப்பேரப் பிள்ளைக்காம். வேண்டுமானால் அந்த வெளிர் ஊதாவில் ஒன்று எடுத்துக்கோ என்றார். மாட்டேன் என்றதும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

“அறுப்பு முடிஞ்சு வா தம்பி. வர்றப்போ உங்க வீட்டுப் பழைய புடவை நாலு கொண்டுவா. பருத்தியா பார்த்துக் கொண்டுவா, நைலான்ல ஊசி இறங்காது.”